ஆட்டம் நடத்துவோன்

1974ஆம் ஆண்டில் அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் ஆக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராவர். ஏனைய உலகனைத்தும் நடத்துவோன் பொறுப்பு. அப்பொறுப்பை அண்மையில் ஏற்ற யான் முதலில் அறிந்தது, கதையை முற்றாக எழுதிவைத்தல் பயன்படாது என்பதே. கோட்டையைத் தாக்குவர் என நாம் எதிர்பார்க்க, அவர்கள் காவலனோடு நட்புப் பூண்பர். ஆதலின் இடத்தையும் மாந்தரையும் அவர்தம் நோக்கத்தையும் மட்டும் வகுத்து, ‘இனி யாது செய்வீர்?’ என வினவுதலே முறை. ஐயத்துக்குரிய செயலை இருபது முகத் தாயக்கட்டை தீர்க்கும்.

ஒருநாள் திரைமறைவில் யான் உருட்டிய கட்டை, யாவரும் விரும்பிய வீரனுக்கு முடிவு கூறிற்று. மாற்றிக் கூறினும் அறிவார் இலர். உள்ளபடியே கூறினேன், வீரன் மாண்டான். அதன்பின் ஆடுவோர் ஒவ்வோரடியையும் எண்ணியே வைத்தனர்; தப்பியபோது மெய்யாகவே மகிழ்ந்தனர். நடத்துவோன் நடுநிலை பிறழின் வெற்றியும் வெறுங் கொடையாகிவிடும்.