ஓர் உலையும் பல வயதும்

எங்கள் கேமரன் மலையிலிருந்து நாள்தோறும் இரண்டு பொருள்கள் கீழே இறங்குகின்றன. ஒன்று தேயிலை; மற்றொன்று காய்கறி. கோசும் தக்காளியும் கீரையும் லாரிகளில் ஏறிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றன. 1885-ல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவைக்காரர் இப்பகுதியைக் கண்டு குறித்தமையால் அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-ல் ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலந்தொட்டு இச்சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளுள் தமிழர் கைகள் பல. இன்று பறிப்போரில் பெரும்பகுதியினர் பிற நாட்டார். எனினும், லயங்களிலும், தானா ராத்தா, பிரிஞ்சாங் முதலிய ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் வாழ்ந்து வருகின்றன. நாட்டுக்கே காய்கறி அளிக்கும் மலையில் குடியிருக்கும் இவர்களுடைய தட்டில் இருப்பது யாது? குவித்த சோறு, நீர்த்த குழம்பு, ஒரு துண்டுக் கருவாடு. உண்டு முடித்த கையோடு டின்பால் கலந்த ஒரு குவளைத் தேநீர். பல் முளைக்கும் குழந்தை முதல் பல் விழுந்த கிழவர் வரையில் பல வீடுகளில் இதுவே உணவு.

ஓர் உலையில் பொங்கி ஒரு குடும்பம் உண்பது குற்றமன்று. அது நம் ஒற்றுமைக்கு அழகு. ஆனால், உலை ஒன்று என்பதனால் அளவும் ஒன்றாகிவிடுமா? வளரும் உடலுக்கு வேண்டுவது வேறு. கருவைச் சுமக்கும் உடலுக்கு வேண்டுவது வேறு. உழைக்கும் உடலுக்கும் ஓய்ந்த உடலுக்கும் வேண்டுவன வேறு வேறு. நம் வீடுகளிலோ வயதறிந்து பரிமாறுவதில்லை. அதிகாரம் அறிந்து பரிமாறுகிறோம். நம் நோய்களிற் பல இங்கிருந்தே தொடங்குகின்றன என்பது என் கருத்து. நான் வைத்தியனல்லன், தோட்டத்துக் கிராணி. வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் எழுதுவது என் தொழில். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்பதனால், சுகாதார நிலையத்தில் தரும் தாள்களைப் படித்து லயத்துப் பெண்மக்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. எவருக்கு எவ்வளவு சென்றது என்று பார்ப்பது கணக்கெழுதுவோன் வழக்கம். நான் சோற்றையும் அவ்வாறே பார்க்கலானேன்.

உணவுப் பழக்கம் நம்மவரைக் காத்த வரலாறும் இந்நாட்டில் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. தோட்டத்துத் தமிழர்களையோ அது பெரும்பாலும் தீண்டவில்லை. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிராடன் என்னும் வைத்தியர் இவ்வேறுபாட்டைக் கண்டு எழுதினார். 1905-ல் பிளெச்சர் என்னும் வைத்தியர் கோலாலம்பூர் மனநோயர் விடுதியில் இதனைச் சோதித்தார். ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுக்கச் செய்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்டவர்கள் பிழைத்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதைப் பிற்கால விஞ்ஞானம் விளக்கிற்று. நம் பாட்டன்மார் இதனை அறிந்தா உண்டார்கள்? இல்லை. பழக்கம் அவர்களைக் காத்தது, அவ்வளவே.

ஆனால் பழக்கம் ஒரு தலைமுறையைக் காத்து, அடுத்த தலைமுறையைக் கைவிடுதலும் உண்டு. தேயிலை விளையும் மற்றொரு மலையாகிய நீலகிரியில், குன்னூரில், மெக்காரிசன் என்னும் அறிஞர் 1920-ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட வடமேற்கு மக்களின் உணவை உண்ட எலிகள் செழித்தன. அரிசி மிகுந்து, பாலும் காய்கறியும் குறைந்த சென்னை நாட்டு ஏழையின் உணவை உண்டவை மெலிந்தன. சோற்றின் அளவு மட்டும் உடலை வளர்ப்பதில்லை என்பதே அச்சோதனை தரும் பாடம். இனி, ஒவ்வொரு பருவமாகப் பார்ப்போம்.

முதலாவது குழந்தைப் பருவம். 1939-ல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் ரோட்டரி சங்கத்தார் முன்னிலையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் தலைப்பே ‘பாலும் கொலையும்’ என்பது. இனிப்பு டின்பாலைக் குழந்தைக்கு ஏற்ற உணவென்று தாய்மாரை நம்பச் செய்ததனால் நேரும் சாவுகளைக் கொலையென்றே கருதவேண்டும் என்று வாணிகர் நிறைந்த அவையிலேயே அவ்வம்மையார் கூறினார். அந்த டின்னில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. இன்றைக்கும் அழும் குழந்தைக்கு டின்பால் கலந்த தேநீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். குழந்தைக்கு ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டா. அதன்பின் தாய்ப்பாலை நிறுத்தாமல், குழைந்த சோற்றோடு பருப்பு, மசித்த கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். வெறுங்கஞ்சி வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது.

அடுத்தது பருவமடைந்த பெண்ணும் கருவுற்ற தாயும். 2019-ல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்கு இரத்தச்சோகை இருப்பது தெரியவந்தது. சென்ற ஆண்டு என் மனைவி கருவுற்றிருந்தபோது தாதி இரத்தம் எடுத்துப் பார்த்தார். 11 இருக்கவேண்டிய இடத்தில் 9 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, “எப்போது தேநீர் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டார். சாப்பிட்டவுடன் என்றாள் என் மனைவி. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கிறது. ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது செல்லவேண்டும் என்று தாதி விளக்கினார். புளிப்புள்ள எலுமிச்சையும் தக்காளியும் கொய்யாவும் அதே இரும்புச்சத்தை உடலில் ஏற உதவுகின்றன என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதனை என் தாயாரிடம் சொன்னேன். என் தாயார் இருபத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். எங்கள் வீட்டில் முதலில் ஆண்கள் உண்பர், பின்னர்ப் பிள்ளைகள், பானையில் எஞ்சியது மருமகளுக்கு. முட்டை இருந்தால் எனக்கு. மருமகளும் என்னோடு உட்கார்ந்து உண்ணட்டும், முட்டையும் அவளுக்கே போகட்டும் என்று நான் சொன்னதும் தாயார் சினந்தார். “தம்பி, உன் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றாள். அவளுக்கு யார் முட்டை கொடுத்தார்கள்?” என்றார்.

“எட்டில் எத்தனை தங்கின, அம்மா?” என்று கேட்டேன்.

தாயார் விரல்விட்டு எண்ணினார். “மூன்று” என்றார். அதன்பின் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் நான் உட்காருமுன்னரே மருமகளை அழைத்து இலை போட்டார். முட்டையை இரண்டாகப் பிளந்து இரண்டையும் அவளுக்கே வைத்தார். தேநீர்ப் பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்க ஒரு மணி நேரமாயிற்று. பேறுகாலத்துக்கு முன் எடுத்த கணக்கில் இரத்தம் 11-ஐத் தொட்டிருந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது.

மூன்றாவது, என்போன்ற நடுவயதினர். எங்கள் பாட்டனார் விடியலில் பெரட்டுக்குச் சென்று, மாலைவரை சரிவிலே மண் வெட்டியவர். அவர் உண்ட சோறு வியர்வையாய்ப் போயிற்று. நான் நாற்காலியில் அமர்ந்து அதே அளவு சோறு உண்டால் அது எங்கே போகும்? அதே 2019-ஆம் ஆண்டு ஆய்வில், இந்நாட்டு வயதுவந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் எண்ணினால் நூற்றுக்கு 31 பேர். உழைப்பு குறைந்தது, தட்டு குறையவில்லை. சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்று ஒரு முறையைக் கற்பிக்கிறது. சுக்கு என்றதும் நம் பாட்டிமார் கஷாயத்தை நினைப்பர். மலாய் மொழியில் சுக்கு என்றால் கால் பங்கு. செபாரோ என்றால் பாதி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ கோழியோ, பாதி முழுதும் காய்கறியும் பழமும் என்பது இதன் பொருள். நம் தட்டு இதற்கு நேர்மாறானது.

நான்காவது முதுமை. இதனை எனக்குக் காட்டியவள் என் மனைவி. “என் தட்டைப் பார்த்தீர்கள், அத்தை தட்டையும் பாருங்கள்” என்றாள். பார்த்தேன். தேநீரில் தோய்த்த இரண்டு பிஸ்கோத்து. அதுவே என் தாயாரின் இராவுணவு. பல் இல்லை, பசி இல்லை, வயதானவளுக்கு என்ன வேண்டும் என்பது அவர் வாதம். முதியோருக்குச் சோறு குறையலாம். தசையைக் காக்கும் புரதம் குறையலாகாது. அது குறைந்தால் கால் தளரும், விழுவர், எலும்பு முறியும். எங்கள் படிகளோ ஈரமானவை. குழைய வேகவைத்த பருப்பு, அவித்த முட்டை, நெத்திலியைப் பொடித்துச் சேர்த்த கீரைக் கூட்டு ஆகியவற்றை இப்போது மருமகள் பரிமாறுகிறாள். முதலில் உண்ண அழைக்கப்பட்டவள் இன்று கடைசியில் உண்பவரை அழைக்கிறாள்.

“இவையெல்லாம் சம்பளக்காரனுக்கு ஆகிற செயலா?” என்று சிலர் வினவலாம். சம்பளக் கணக்கு எழுதுபவன் நான். மாதக் கடைசியில் முட்டையும் அருமையான பொருள் என்பதை அறிவேன். கூலி உயராமல் தட்டு முழுதும் திருந்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எனினும், டின்பாலுக்கும் இனிப்புப் பானங்களுக்கும் பிஸ்கோத்துக்கும் போகும் காசைக் கூட்டிப் பாருங்கள். அதில் சில முட்டைகளும் ஒரு படி பருப்பும் வரும். வடிவு கெட்டதென்று வியாபாரி தள்ளும் கோசும் தக்காளியும் இம்மலையில் மலிவு. அவற்றின் சத்து வடிவில் இல்லை.

தேயிலையைப் பழிக்க நான் வரவில்லை. அஃது எங்கள் பிழைப்பு; குளிரில் எங்கள் துணை. அதற்குரிய வேளை ஒன்று உண்டு, அதற்கு ஆகாத வயதும் ஒன்று உண்டு என்றே சொல்கிறேன். குழந்தையின் புட்டியில் அதற்கு இடமில்லை. கருவுற்றவளின் சோற்றுத் தட்டருகே அதற்கு இடமில்லை. முதியவரின் இரவுணவாக நிற்க அதற்குத் தகுதியில்லை.

தோழர்களே! இன்றிரவு உங்கள் வீட்டில் உலை இறங்கியதும் ஒரு கணக்கு எடுங்கள். முதல் கரண்டி யாருக்குச் செல்கிறது? கடைசிக் கரண்டி யாருக்கு எஞ்சுகிறது? வரிசையை மாற்றக் காசு வேண்டா. மனம் ஒன்றே வேண்டும். நம் பெண்மக்கள் பானையின் அடியைச் சுரண்டி உண்ணும் வரையில், பிறக்கும் பிள்ளைகள் பசியோடுதான் பிறப்பார்கள்.