கேரவனில் முதல் நாள்

"என்ன சார், நம்ம தெருவுல ஷூட்டிங்கா?"

காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் போட வந்த பையன் கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கேரவன் என்றாலே நம் ஊரில் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டிதானே. "ஆமாம்ப்பா, நான்தான் ஹீரோ. ஹீரோயின் உள்ளே இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

2024 பொங்கல் முடிந்த மறுவாரம். மகனின் நண்பர் ஒருவர் பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் பீரோ அளவுக்கு ஒரு கழிவறை எல்லாம் வைத்திருந்தார். "ஒரு வாரம் எடுத்துட்டுப் போங்க அங்கிள்" என்றார். முந்தின நாள் சாயங்காலம் வண்டி வந்ததும் நான் டயர், பிரேக், பேட்டரி என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என் மனைவி உள்ளே போய்க் கழிவறைக் குழாயை இரண்டு தடவை திறந்து மூடினாள். "தண்ணி நல்லா வருது" என்றாள். வேறு எதையும் பார்க்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். எத்தனை லட்சம் வண்டிகளுக்குப் பாகம் செய்து அனுப்பியிருப்போம்! ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க என்று நாங்கள் இருவரும் எங்கும் போனதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை தாம்பரத்தில் பஸ் ஏறி, கும்பகோணம் பக்கத்தில் அவள் பிறந்த ஊருக்குப் போவோம். 1984-ல் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த ஒரு பயணம்தான்.

இந்த முறை கங்கைகொண்ட சோழபுரம் என்று முடிவு செய்தேன். காரணம் உண்டு. எங்கள் மணிமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயில் சுவரில் ராஜாதிராஜன், வீரராஜேந்திரன் கல்வெட்டுகள் இருக்கின்றன. இருவருமே ராஜேந்திர சோழனின் பிள்ளைகள். இத்தனை வருடமாக நம் ஊர்ச் சுவரில் இருக்கிறார்களே, அவர்கள் தலைநகரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை நான்குக்குள் சேரலாம் என்று, ஃபேக்டரி ஷிப்ட் போல மணி போட்டு ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

பல்லவனிடம் தோற்றுப் புலிகேசி படையோடு திரும்பிய ஊர் இது. நாங்கள் தலையணையோடு புறப்பட்டோம்.

ஏரி நிரம்பிக் கிடந்தது. படப்பை தாண்டியதும் முதல் வேகத்தடையிலேயே பாடம். அலமாரிக் கதவுக்குக் கொக்கி போட மறந்துவிட்டேன். சாம்பார்ப் பொடி டப்பா விழுந்து வண்டி முழுக்க மணம்! ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. 2010-ல் ரெனோ நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று இங்கே ஒவ்வொன்றாக வந்ததைப் பார்த்தவன் நான். அந்த பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்களில் ஒன்று என்னுடையதாக இருந்த காலம் நினைவுக்கு வந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, மதுராந்தகத்தில் முதல் நிறுத்தம். ஏரி காத்த ராமரைச் சேவித்தோம். பெருமழையில் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதை கலெக்டர் பிளேஸ் துரை கண்டார் என்ற கதையை நான் சொல்ல, அவள் நூறாவது தடவையாகக் கேட்டாள். திரும்பி வந்ததும் வண்டியின் பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தவள் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து, அண்ணாந்து, மடமடவென்று பாதிக்கு மேல் குடித்தாள்.

"என்னம்மா, இவ்வளவு தாகமா?"

"தாகம் எப்பவும்தாங்க இருக்கும். இன்னைக்குத்தான் குடிக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஊருக்குப் போகும் நாளில் காலை எழுந்ததும் காபியோடு சரி. அதற்கப்புறம் அம்மா வீட்டு வாசல் மிதிக்கும் வரை ஒரு சொட்டு குடிக்க மாட்டாளாம். ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம். "வழியில எங்க போறது? நீங்க ஆம்பளைங்க பஸ் நின்னா இறங்கிப் போயிடுவீங்க."

எனக்கு அந்தச் சாலையில் டீக்கடைகள் தெரியும். அவளுக்கு வேறு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. எந்த பஸ் ஸ்டாண்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, எந்த மோட்டலில் பின்னால் விளக்கு எரியாது, எங்கே காசு வாங்கிக்கொண்டும் தண்ணீர் வராது, எல்லாம் வரிசையாகச் சொன்னாள். பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, பால் கொடுக்கிற நிலையிலும் அப்படியே வந்திருக்கிறாள்.

தொண்ணூறுகளில் அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். ஊருக்குப் போய் வந்த வாரங்களில்தான் வரும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. டாக்டர் "தண்ணி குடிங்கம்மா" என்பார். நானும் சேர்ந்துகொண்டு, "குடம் குடமா வீட்டுல தண்ணி இருக்கு, எடுத்துக் குடிக்க என்ன சோம்பல்?" என்று அவர் முன்னாலேயே திட்டியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பஸ்ஸை நிறுத்தியிருப்பீங்களா?"

கொஞ்ச தூரம் நான் பேசவில்லை. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கேட்டாவது இருக்கலாம்.

அதற்கப்புறம் என் தாளை நான் பார்க்கவில்லை. திண்டிவனம் தாண்டி இளநீர். விக்கிரவாண்டியில் திரும்பியதும் மோர். பண்ருட்டிக்கு முன் புளியமர நிழலில் நிறுத்தி, இட்லி சாப்பிட்டு, அவள் கட்டிலில் காலை நீட்டி ஒரு மணி நேரம் தூங்கினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலையோரம் வருடக்கணக்கில் கிடந்த ராட்சத வீராணம் குழாய்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குடும்பங்கள் அதற்குள் குடித்தனம் நடத்தின. பிறகு 2004-ல் புதிய வீராணம் திட்டத்தில்தான் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டி அந்த வீராணம் ஏரிக்கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடல் மாதிரி தண்ணீர். "இத்தனை தடவை போயிருக்கோம், இதைப் பார்த்ததே இல்லையே" என்றாள். சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே வந்தவள் எதைப் பார்த்திருப்பாள்!

கங்கைகொண்டான் ஊர் எட்டவில்லை. ஒரு பெட்ரோல் பங்க்கில் கேட்டோம். "ஓரமா நிறுத்திக்கோங்க ஐயா" என்றார் அங்கிருந்த தம்பி. ரவா உப்புமா கிண்டினாள். அலமாரிக்கு மறக்காமல் கொக்கி போட்டேன்.

நடுராத்திரி விழிப்பு வந்தது. பின்னால் குழாய் திறந்து மூடும் சத்தம். திரும்பி வந்து படுத்தவள், இருட்டில் பாட்டிலைத் தேடினாள். எடுத்துக் கொடுத்தேன்.

"காலையில தொட்டியை நிரப்பணும்" என்றாள்.

"நிரப்பிடலாம்மா" என்றேன்.