முதல் தோழமை

திருவள்ளுவர் நட்பினை ஐந்து அதிகாரங்களில் வகுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று நட்பாராய்தல். ஆராய்ந்து நட்புக் கொள்ளுதல் அறிவு முதிர்ந்தோர்க்குரிய செயல். மனிதன் தன் முதல் தோழனைத் தேடிக்கொள்வதோ ஆராயத் தெரியாத பருவத்தில். நான்கு வயதுக் குழந்தை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயரைக்கூடப் பிறகுதான் கேட்கிறது. முதலில் அருகே சென்று அமர்ந்துகொள்கிறது. அவ்வாறு அமர்வதில் தொடங்கும் உறவைப் பெரியோர் வெறும் விளையாட்டென்று ஒதுக்கிவிடுகின்றனர். அது வெறும் விளையாட்டன்று. குழந்தை மனத்தின் உணவு அது.

ஜொகூர் பாருவின் புறநகர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில், 2022ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்தான் ஒரு சிறுவன். வாரங்கள் பல சென்றும் அவன் வாய் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவான். எழச் சொன்னால் எழுவான். ஓய்வு நேரத்தில் தூணருகே நின்று, பிறர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது அவன் ஐந்து வயதையும் எட்டாத குழந்தை. தந்தைக்குச் சிங்கப்பூரில் வேலை. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலம் அன்று கடக்கவியலாத பெருங்கடலாயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில், கைப்பேசித் திரையிலேதான் மகன் தந்தையைக் கண்டான். 2022 ஏப்ரல் முதல் நாள் எல்லை முழுமையாகத் திறந்தது. தந்தை வந்தார், விளையாட்டுப் பொருள்கள் வந்தன, பேச்சு மட்டும் வரவில்லை. அவனுக்குக் குறைவாயிருந்தது தந்தை மட்டுமன்று. தன் உயரத்திலேயே நின்று தன்னைப் பார்க்கும் இன்னொரு குழந்தையும்தான்.

தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு இக்குறை ஏற்பட்டதில்லை. தாயும் தந்தையும் விடியுமுன் பால்வெட்டப் போய்விட, ஆயாக்கொட்டகையில் குழந்தைகள் ஒன்றாய்க் கிடந்து வளர்ந்தன. லயத்து வாசலில் கோலியும் பம்பரமும் சுழன்றன. இரண்டு ரப்பர்க் கொட்டைகளைக் கைகளுக்கிடையே வைத்து அழுத்தி, எது உடைகிறதெனப் பார்ப்பதே அன்று பெரும் போர். வறுமையும் நோயும் அங்கே நிறைந்திருந்தன. அவ்வாழ்வு திரும்ப வேண்டுமென்று எவரும் விரும்பார். ஆயினும், தோழன் கேட்காமலே கிடைத்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாய் மாறியும் போனபின், மக்கள் நகரத்து மாடிகளில் ஏறினர். லயத்து வாசல் மட்டும் உடன் வரவில்லை.

தோழமை குழந்தையின் மனத்தை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு உளவியல் வரலாற்றில் ஓர் அரிய சான்று உண்டு. நாஜிகளின் கொடுமையால் பெற்றோரை இழந்து, டெரசின் முகாமில் தப்பிப் பிழைத்த ஆறு யூதக் குழந்தைகள் 1945ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மூன்று, நான்கு வயதினர். அவர்களைப் பற்றி ஆன்னா பிராய்டும் சோபி டானும் 1951இல் விரிவாக எழுதினர். அக்குழந்தைகள் பெரியவர்களை அடித்தனர், பொம்மைகளை உடைத்தனர். ஆனால், தம்முள் ஒருவரைவிட்டு ஒருவர் பிரிய மறுத்தனர். தமக்குக் கிடைத்ததை மற்றவர்க்கும் பகிர்ந்தளித்தனர். பெற்றோரின் இடத்தைத் தோழர் நிரப்பினர் என்று சொல்லலாகாது. அவ்விடம் வெறுமையாய்க் கிடந்தபோது மனம் முற்றும் இடிந்து போகாமல் தாங்கினர் எனலாம்.

பள்ளிக்கு மீள்வோம். அவ்வகுப்பின் ஆசிரியை சிறுவனைக் கடியவில்லை, கூட்டத்துள் தள்ளவுமில்லை. குழந்தைகளின் விளையாட்டைப் படிநிலைகளாகப் பகுத்துக்காட்டிய மில்ட்ரெட் பார்ட்டனின் 1932ஆம் ஆண்டு ஆய்வினை அவர் பயிற்சிக் காலத்தில் கற்றிருந்தார். பிறர் விளையாடுவதைப் பார்த்து நிற்பதும், அருகருகே அமர்ந்து தனித்தனியே ஆடுவதும், பின்னர்க் கூடி ஆடுவதும் அதில் வெவ்வேறு நிலைகள். எனவே, தூணருகே நின்றவன் விளையாட்டுக்குப் புறம்பானவன் அல்லன். அதன் வாசலில் நிற்பவன் என்று அவர் கண்டார். நாள்தோறும் ஓய்வு நேரத்தில், அமைதியான மாணவன் ஒருவனை மட்டும் அவனோடு அமர்த்திப் பல்லாங்குழிப் பலகையும் புளியங்கொட்டைகளும் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் ஒருநாள், எதிரே இருந்தவன் ஒரு காயைக் கூடுதலாக எடுத்துவிட்டான்.

“டேய், அது என் காய்!”

பள்ளியில் அவன் பேசிய முதற் சொல் அது. ஆசிரியை முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர்கள் குழந்தையிடம் வேண்டுமென்றே தோற்பார்கள், தோழன் தோற்கமாட்டான். ஆசிரியர் கட்டளையோடு வாதிட முடியாது, தோழனோடு முடியும். சிறுவர் கோலியாடுவதைக் கூர்ந்து நோக்கிய பியாஜே, ஒத்தவரோடு பழகுவதிலேயே நீதியுணர்வு முதிர்கிறது என்று 1932இல் எழுதினார். இன்று பிரியாத காதலராய்ச் செல்லும் இருவர், சிறுவயதில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றியிழுத்துச் சண்டையிட்டவர்களே எனக் கண்டோர் வியக்கும் பாடலொன்று குறுந்தொகையில் உண்டு. சண்டையிட்டு மீண்டும் சேர்வதையும் தோழமையே கற்பிக்கிறது. ‘உறவு முறிந்தாலும் ஒட்டும்’ என்ற நம்பிக்கை பிற்காலத் துன்பங்களைத் தாங்கும் வலிமையன்றோ?

அவ்வாரமே சிறுவனின் தாய், மற்றவனின் தாயைப் பள்ளி வாயிலில் கண்டு, “அக்கா, சனிக்கிழமை தம்பியை எங்க வீட்டுக்கு விளையாட அனுப்புறீங்களா?” என்று கேட்டார். லயத்து வாசல் தானாகத் தந்ததை, மாடி வீடு இவ்வாறு கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. கேட்பதில் தாழ்வொன்றுமில்லை.

2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அது சனியும் ஞாயிறுமாக மாறியுள்ளது. சிங்கப்பூரில் பணிபுரியும் பெற்றோர் பலருக்குப் பிள்ளைகளோடு ஒத்த ஓய்வு கிட்டியிருக்கிறது. அந்நாள்களைத் தனிவகுப்புகளுக்கே முழுவதும் ஈந்துவிடாமல், ஒரு மாலைப்பொழுதேனும் தோழனுக்கு ஒதுக்குவது பெற்றோர் கடமை. பள்ளியில் ஓய்வு நேரத்தைத் தண்டனையாகப் பறிக்காதிருப்பது ஆசிரியர் கடமை. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கூறுகிறது. மலேசியாவும் 1995இல் அதனை ஏற்றது.

தூணருகே நிற்கும் குழந்தை எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அதற்கு அறிவுரை வேண்டியதில்லை. ஒரு பலகையும், சில காய்களும், எதிரே அமர ஒரு தோழனும் போதும்.