தொண்ணூற்றேழு விழுக்காடு

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாழியை உடைத்தவன் நான்.

2020ஆம் ஆண்டு, ஊரடங்குக் காலம். அக்கா பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினிதான் அவளுக்கு வகுப்பறை. இணையத்துக்கு அப்பாவின் கைப்பேசி, நாளொன்றுக்கு 1.5 ஜிபி. மறுநாள் தேர்வுக்குரிய பாடங்கள் 900 எம்பி கொண்ட ஒரே கோப்பாக வந்திருந்தன. விடியற்காலையில் தொடங்கிய பதிவிறக்கம் மாலையில் 97 விழுக்காட்டை எட்டியிருந்தது. விளையாட்டு ஆசையில் மடிக்கணினியைத் திறந்த நான், குறுக்கே நின்ற அந்தச் சாளரத்தின் சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தினேன். சாளரம் மறையும், வேலை நடக்கும் என்று நினைத்தேன். இரண்டுமே போயின. மறுபடி இறக்க அன்றைய டேட்டாவில் மீதி போதவில்லை.

அக்கா என்னை ஒரு சொல்கூடத் திட்டவில்லை. தோழியின் குறிப்பேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, விடிய விடிய எழுதினாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இவ்வாண்டு செய்முறைத் திட்டத்துக்கு என்ன தலைப்பு என்று பேராசிரியர் கேட்டபோது, "பதிவிறக்கச் சாளரம், ஐயா" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள்.

படிக்கப் படிக்கத்தான் வியப்பு வளர்ந்தது. பாதியில் நின்ற கோப்பை விட்ட இடத்திலிருந்து கேட்டு வாங்கும் வழி, 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறையிலேயே இருக்கிறது. வழங்கும் கணினி அதற்கு இசைந்தால், 206 என்ற எண்ணுடன் மீதியை மட்டும் அனுப்பும். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை இருந்தால் மக்கள் அதையே விரும்புகிறார்கள் என்பதை பிராட் மையர்ஸ் என்ற அறிஞர் 1985இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அறிவுக்குப் பஞ்சமில்லை; சாளரத்தில்தான் பஞ்சம்!

பைத்தானில் என் முதற்சாளரத்தை எழுதினேன். வேகத்துக்கு ஒரு வரைபடம், மூன்று தசம இடங்கள், நொடிக்கு நொடி தாவும் மீதி நேரம் என்று தேர் போல அலங்கரித்து அம்மா முன் வைத்தேன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மா சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, இது ஓடுதா, நின்னுபோச்சா?" என்று கேட்டார். "கொஞ்சம் நிறுத்துங்கம்மா" என்றதும், பக்கத்திலிருந்த "ரத்து" பொத்தானை அழுத்திவிட்டார். பள்ளிச் சிறுவன் செய்த அதே பிழை! அப்படியானால் பிழை யாருடையது?

அன்றிரவே வரைபடத்தை எடுத்தேன். மீதி நேரத்தை அந்த நொடியின் வேகத்தால் கணக்கிடாமல், கடந்த அரை நிமிடச் சராசரியால் கணக்கிட்டு, "ஏறத்தாழ 12 நிமிடம்" என்று எழுதினேன். தாவல் அடங்கியது. "சற்று நிறுத்து" என்பதை இடக்கோடியிலும், "வேண்டாம், நீக்கிவிடு" என்பதை வலக்கோடியிலும் வைத்தேன். நீக்குமுன் ஒரு கேள்வி கேட்கச் செய்தேன். முடிந்ததும் கோப்பு எந்த உறையில் இருக்கிறது என்று சொல்லி, அதைத் திறக்க ஒரு பொத்தானும் வைத்தேன். சிவப்புக் குறியை அழுத்தினால், "சாளரம் மட்டும் மூடும், பதிவிறக்கம் தொடரும்" என்று ஒரு வரி.

அக்கா இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. விடுமுறையில் வந்தவளிடம் காட்டினேன். நேராகப் போய்ச் சிவப்புக் குறியைத்தான் அழுத்தினாள். அந்த வரியைப் படித்தாள். "அன்னிக்கு இது இருந்திருந்தா நீ தப்பிச்சிருப்பேடா" என்று என் தலையில் குட்டினாள்.

நான்கைந்து ஆண்டுகளாகக் காத்திருந்த குட்டு அது. திட்டத்துக்கு என்ன மதிப்பெண் வருமோ, தெரியாது. எனக்கு அன்றே வந்துவிட்டது.