இரண்டு பற்றரிகள்

நெய்தற் பாட்டுக்களை வகுப்பறையில் விளக்கிவரும் நாம், கடலை அறிந்தவர்கள் என்ற எண்ணத்தோடுதான் இருந்தோம். இரங்கல் அத்திணைக்குரிய ஒழுக்கம் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கின்றோம். 2022ஆம் ஆண்டுக் கார்த்திகை மாதத்து மாலையொன்றில், நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே, எஞ்சின் நின்றுபோன ஒரு சிறு மோட்டர் வள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தபோதுதான், நாம் கற்ற கடல் வேறு, அந்தக் கடல் வேறு என்பது புலனாயிற்று.

பாடசாலை முடிந்து திரும்பும் ஆசிரியர்கள் சிலரும் நோயாளியொருவரும் அவர் மனைவியும் வள்ளத்தில் இருந்தோம். எவரோ அறுத்தெறிந்த நைலோன் வலைத்துண்டு சுழலியிற் சுற்றிக்கொண்டது. வள்ளத்துத் தொழிலாளி கத்தியோடு நீரிற் குதித்தார். ஐம்பது வயது தாண்டியவர். மூழ்குவதும் மூச்செடுக்க எழுவதுமாக ஒன்றேகால் மணி நேரம் வலையை அறுத்தார். இருள் சூழ்ந்தது, விளக்குகளை ஏற்றினோம். அடியில் ஊறிய நீரை மின்பம்பு இறைத்துக்கொண்டிருந்தது. வலை நீங்கியதும் அவர் ஏறிவந்து சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்ற ஓசை மட்டுமே வந்தது. மீண்டும் திருப்பினார், அதுவும் இல்லை. விளக்குகள் மங்கிச் செந்நிறமாயின.

பழைய எஞ்சின்களுக்குக் கைப்பிடி உண்டு, சுற்றி இயக்கலாம். மீனவரின் வெளியிணைப்பு மோட்டருக்குக் கயிறு உண்டு; இழுத்து இயக்கலாம். அந்தக் கயிற்றைப் பழமை என்று எள்ளியவர்களுள் நாமும் ஒருவர். இந்த டீசல் எஞ்சினுக்கோ இரண்டு மூன்று விநாடிகளுக்கு இருநூறு அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் வேண்டும். அதைக் கொடுக்க அந்த வள்ளத்தில் ஒன்றல்ல, இரண்டு பற்றரிகள் இருந்தன. இரண்டும் ஒரே வேளையில் வெறுமையாகிக் கிடந்தன.

தொலைவில் வலை விரித்திருந்த ஒருவர் எமது ரோச் வெளிச்சத்தைக் கண்டு வந்தார். 1 லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் 340 ரூபாவாயிற்று. அதை எரித்துத்தான் வந்தார். தமது விளக்குக்கும் திசைகாட்டும் கருவிக்குமாக வைத்திருந்த பற்றரியைக் கழற்றித் தந்தார். எம்முள் ஒருவர் பணம் எடுத்து நீட்டியபோது, “கரைக்குப் போய்ச் சேருங்கோ. பற்றரியை நாளைக்கு இறங்குதுறையிலை வையுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு, விளக்கின்றியே தம் வலையை நோக்கிப் போனார். அன்றிரவு அவருக்குத் தொழில் எவ்வாறு நடந்ததென்று கேட்க எமக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் வள்ளத்துத் தொழிலாளியிடம் கேட்டோம்: “இரண்டு இருந்தும் ஏன் இப்படி?”

“இரண்டையும் ஒண்டாக் கட்டினால், மாஸ்ரர், இரண்டும் ஒண்டாத்தான் சாகும்.”

அவர் விளக்கியதையும், பின்னர் நாமாகத் தேடி அறிந்ததையும் சேர்த்துச் சொல்கின்றோம். இரண்டில் ஒன்று பழையது. பழையதையும் புதியதையும் ஒரே இணைப்பிற் பூட்டினால், நலிந்தது நல்லதையும் தன் மட்டத்துக்கு இழுத்துவிடும். அன்றியும் பற்றரியில் இருவகை உண்டு. எஞ்சினை எழுப்புவதற்கானதில் ஈயத்தகடுகள் மெல்லியவை, பல. ஒரு நொடியிற் பெருமளவைக் கொடுத்து உடனே நிரப்பப்படவேண்டியவை. விளக்குக்கும் பம்புக்குமானதில் தகடுகள் தடித்தவை. சிறுகச் சிறுக நெடுநேரம் கொடுப்பவை. இரண்டாம் வகையையும் பாதிக்குக் கீழே இறக்குவது ஆயுளைக் குறைக்கும். ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ற்று என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி.

நிரப்புவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கின்றது. பசித்தவன் முதற் கவளங்களை விரைந்து விழுங்கி, வயிறு நிறைய நிறைய மெல்ல உண்பதுபோல, பற்றரியும் கடைசி ஐந்திலொரு பங்கை ஏற்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எமது பயணமோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். நாள்தோறும் அரைவயிற்றோடு விடப்பட்ட பற்றரியின் தகடுகளில் வெண்படிவு இறுகிப்போகும். பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் ஏற்காது. (எமது மாணவர் சிலர் காலையில் வெறுவயிற்றோடு வந்த அந்த ஆண்டில், இந்த உவமை எமக்கு எளிதில் வந்ததில் வியப்பில்லை.)

பரிகாரம் பெரியதன்று. எஞ்சினுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று எனப் பிரித்துவிடவேண்டும். இடையே ஒரு றிலே. எஞ்சின் ஓடி மின்னழுத்தம் 13.3 அளவுக்கு ஏறியதும் இரண்டையும் இணைத்து நிரப்பும், 12.8 அளவுக்கு இறங்கியதும் தானே பிரித்துவிடும். டயோட்டு வைத்துப் பிரிப்பாரும் உளர். சாதாரண டயோட்டில் அரை வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே தொலைவதால், அதற்கு ஈடுசெய்யாவிட்டால் பற்றரி முழுதாக நிரம்புவதில்லை. கையாற் திருப்பும் சுவிச்சும் போதும். ஆயின் எஞ்சின் ஓடும்போது அதை முற்றாக அணைத்தால் ஒல்ரனேற்றர் எரிந்துபோகக்கூடும். களைத்த மனிதன் இருளில் தவறாகத் திருப்பமாட்டான் என்று யார் சொல்வது?

தொழிலாளி இவற்றையெல்லாம் முன்னரே உரிமையாளரிடம் சொல்லியிருந்தார். உரிமையாளரைக் கொடியவர் என்று எழுத எமக்கு மனமில்லை. எரிபொருளின்றி வள்ளம் கரையிற் கிடந்த மாதங்களின் கடன் அவர் தலையில் இருந்தது. எனினும் அன்று மாலை நீரில் மூழ்கி எழுந்தவர் அவரல்லர். “மாரி கழியட்டும், பார்ப்பம்” என்றார். மாரிக்குத்தானே அது வேண்டியிருந்தது! பிரித்துப் பூட்டும் வரையில் மாலைப் பயணத்துக்கு ஏறமாட்டோம் என்று ஆசிரியர் எல்லோரும் கூடித் தெரிவித்தோம். கூலியை நாள் நாளாகக் கொடுத்த நாம், இரண்டு மாதக் கூலியை முன்கூட்டியே தரவும் ஒப்பினோம். மூன்றாம் வாரத்தில் வேலை முடிந்தது. பின்னர் கூரைமேல் ஐம்பது வோற்றுச் சோலர் தகடொன்றும் ஏறியது. நண்பகலில் அது தரும் மூன்று அம்பியர் அளவான மின்னோட்டம் அற்பந்தான். ஆயினும் எஞ்சின் ஓடாத நேரமெல்லாம் அது ஊட்டிக்கொண்டிருக்கின்றது.

தொழிலாளி எம்மிடம் ஒரு பாடசாலைக் கொப்பி கேட்டு வாங்கினார். ஒவ்வொரு நாட்காலையும் எஞ்சினை இயக்குமுன் இரண்டையும் அளந்து அதில் எழுதிவைக்கின்றார். நேற்று ஏறும்போது எட்டிப் பார்த்தோம். எஞ்சின் 12.7. விளக்கு 12.4. அதன் கீழே, ‘தண்ணி விட வேணும்’ என்று எழுதியிருந்தது.