கறி மட்டும் தின்ற குட்டி

நொண்டுகிற நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எங்கே விழுந்தது என்றல்ல, என்ன தின்கிறது என்றுதான். பலருக்கும் இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க, நாங்க சாப்பிடாட்டியும் அதுக்கு தினமும் கறி உண்டு" என்பார்கள். உண்மைதான். வினையே அந்தக் கறியில்தான்.

எலும்பு நீக்கிய கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம் தேறினால் அதிகம். பாஸ்பரஸோ 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். ஈரல் இன்னும் மோசம். வளரும் குட்டிக்குக் கால்சியம்தான் சற்றுத் தூக்கலாக வேண்டும். வேட்டையாடும் மிருகம் இரையை எலும்போடு தின்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. நாம் பாசத்தில் எலும்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கறியை மட்டும் ஊட்டுகிறோம்.

"ரத்தத்துல கால்சியம் நார்மல்னு போட்டிருக்கே சார்" என்று லேப் சீட்டை நீட்டுவார்கள். இருக்கத்தான் செய்யும். இதயமும் தசையும் இயங்க ரத்தத்தில் கால்சியம் குறையவே கூடாது. தீனியில் வராதபோது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டுகின்றன. வீட்டுச் செலவு குறைவில்லாமல் நடக்கும். நகையெல்லாம் அடகுக் கடையில் இருக்கும்.

அதனால் சீட்டைவிட எக்ஸ்ரேயை நம்புகிறேன். நல்ல குட்டியின் படத்தில் எலும்பு வெளேரென்று சதையிலிருந்து பிரிந்து தெரியும். இங்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். தொடை எலும்பின் வெளிச்சுவர் மெல்லிய கோடாக நிற்கும். அந்தக் கோட்டை விடாமல் பின்தொடர்ந்தால் ஓரிடத்தில் மடிந்திருக்கும். ஒடியக்கூட வலுவில்லாமல் மடங்கிய முறிவு அது. நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு வழக்கமான அகலத்திலேயே இருக்கும். அது அகன்றிருந்தால் வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸை நினைப்பேன்.

வெயிலில் கட்டிப்போடச் சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எப்போதும் இருப்பார். நம் தோலைப் போல நாய், பூனையின் தோல் வெயிலில் போதிய வைட்டமின் டி தயாரிப்பதில்லை. அதுவும் தீனி வழியாகத்தான் வர வேண்டும்.

ஊசி கேட்பார்கள். தீனியை மாற்றுவதுதான் வைத்தியம். குட்டிகளுக்கென்றே தயாரித்த சரிவிகிதத் தீனி வாங்க முடிந்தால் நல்லது. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கால்சியம் கார்பனேட் சேர்க்கச் சொல்வேன். முட்டை ஓடும் பெரும்பாலும் அதுதான். கழுவி, வறுத்து, மிக்ஸியில் மாவாக்கினால் ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் கிடைக்கும். ஆனால் அளவைக் குட்டியின் எடை பார்த்து நானே எழுதிக்கொடுப்பேன். கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் கை தாராளமானால் அதுவும் எலும்பைக் கெடுக்கும். அந்த வயதில் மிகையான கால்சியத்தைத் தடுக்கக் குடலுக்குத் தெரியாது.

முதல் சில வாரங்கள் கூண்டிலேயே ஓய்வு. வலி குறைந்ததும் குட்டி சோபாவில் தாவப் பார்க்கும், எலும்போ இன்னும் தேறியிருக்காது. பிளேட் வைக்கவும் அவசரப்படமாட்டேன். ஸ்க்ரூ பிடிக்க அங்கே எலும்பு வேண்டுமே.

பூனைக்குட்டி என்றால் இடுப்பெலும்பைத் தனியாக ஒரு படம் எடுத்துவிடுவேன். கால் தேறினாலும் உள்ளே அமுங்கிய இடுப்பு பழையபடி விரிவதில்லை. மலச்சிக்கல் ஆயுளுக்கும் தொடரலாம். பெண் குட்டியாக இருந்தால் கருத்தடை ஆபரேஷனைப் பற்றி அன்றைக்கே பேசிவிடுவது வழக்கம், பிற்பாடு அது குட்டி போட அந்த இடுப்பில் வழி போதாது.