கோட்டம் எடுக்கிற பாய்

அந்தக் காலத்தில் சைக்கிள் வாங்குவது ஒரு நாள் வேலைதான். சைக்கிளுக்குச் சாமான் வாங்குவது மாதக் கணக்கில் நடக்கும். கடையிலிருந்து வெளியே வரும்போது அது பாதி வண்டி. கேரியர் தனி, மணி தனி, பூட்டு தனி, டைனமோ தனி, சீட்டுக்கு உறை தனி. அப்பாவின் சம்பளம் எந்த வேகத்தில் வந்ததோ அந்த வேகத்தில் எங்கள் ஹெர்குலிஸ் முழு வண்டியாக வளர்ந்தது. திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான 1985ஆம் வருஷம் அது. அரசு அலுவலகங்களெல்லாம் புதுப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தன. எனக்கு அது வண்டி வந்த வருஷம்.

ஹாண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் ஒரு தகட்டு வில்லை இருக்கும். அதைத் துடைக்கிற வேலை என்னுடையது. இந்தியாவின் படத்தை நான் முதலில் படித்தது அந்த வில்லைகளில்தான். எங்கள் ஹெர்குலிஸ், 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியின் அம்பத்தூர் வண்டி. எதிர்வீட்டு மாமாவின் ஹீரோ லூதியானாவிலிருந்து வந்தது. ஸ்கூல் சார் வைத்திருந்த அட்லஸ் சோனிபட்டில் பிறந்தது. தபால்காரர் ஒருவர் ராலே வைத்திருந்தார். அது வங்காளத்து அசன்சோலில் செய்தது என்று அப்பா சொன்னபோது, அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு வண்டி எங்கள் தெருவுக்கு வந்து தபால் கொடுக்கிறதே என்று இருந்தது.

சாமான் கடை என்றால் எனக்குக் கோயில் மாதிரி. கூரையிலிருந்து ரிம்கள் தொங்கும். பழுப்புத் தாள் சுற்றிய டயர்கள் மூலையில் அடுக்கியிருக்கும். புது ரப்பர் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து அடிக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு ரிப்ளெக்டர்கள், நிக்கல் பூசிய மணிகள், கைப்பிடியில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் குஞ்சங்கள், கம்பிகளில் கோக்கிற கலர் மணிகள். அப்பா குஞ்சத்தின் பக்கம் திரும்பவே மாட்டார். மணி வாங்கத்தான் வந்தோம் என்றால் மணியை மட்டும்தான் பார்ப்பார்.

அவர் மணி வாங்கிய விதத்தை இன்றைக்கும் படம் போட்டுக் காட்ட முடியும். மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே பார்ப்பார். கட்டைவிரல் நெம்புகோலைத் தள்ளினால் சின்னப் பல்சக்கரம் சுழலும். அதன் மேல் ஆடுகிற இரண்டு வளையங்கள் மூடியின் உள்சுவரில் மோதும். பல் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் திரும்ப இழுக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திருகி ஒரு முறை அடிப்பார். அடித்த சத்தத்தை விட்டுவிடுவார். அது அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் கேட்பார். கடைக்காரரும் அவசரப்படுத்த மாட்டார். அவரே தலையைச் சாய்த்து, "இதுல கார்வை நிக்குதுங்க" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைத்தான் வாங்கினோம்.

அடுத்தது டைனமோ. சாமான்களிலேயே பெரிய செலவு, ஆனால் தள்ளிப்போட முடியாத செலவு. ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். சைக்கிளுக்கே லைசென்ஸ் வில்லை வாங்கிக் கட்டிக்கொண்டு ஓட்டிய காலம். டைனமோவின் தலை டயரின் பக்கவாட்டில் உருளும். மிதிக்கிற வேகத்துக்கு ஏற்ப விளக்கு எரியும். இறக்கத்தில் தெருவே வெளிச்சமாகும். மேட்டில் ஏறும்போது, வெளிச்சம் வேண்டுகிற அந்த இடத்தில்தான், விளக்கு மங்கி மஞ்சளாகும். அப்பா கூடுதலாக மிதிப்பார். பாரில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் மூச்சும் விளக்கும் ஒன்றாக ஏறி இறங்குவது தெரியும்.

இப்படிச் சாமானாகச் சேர்ந்த வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரே இடம்தான், பேகம்பூர்ப் பக்கம் இருந்த பாய் கடை. தகரக் கூரை, மண் தரை, வாசலில் ஆழமான ஒரு தண்ணீர்ச் சட்டி, காலால் மிதித்துப் பிடித்து அடிக்கிற பம்பு. வாடகைக்கு நான்கைந்து சைக்கிள் நிற்கும். பெயரும் நேரமும் எழுதுகிற நோட்டு ஆணியில் தொங்கும். முழு வண்டியில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் பழகிய பையன்களெல்லாம் அந்த நோட்டில் இருந்தவர்கள்தான்.

கடையில் புத்தகம் என்று ஒன்றும் கிடையாது. பாய் வேலையைச் சொல்லிக் கொடுத்ததாகவும் எனக்கு நினைவில்லை. வேலையைக் கொடுப்பார், அவ்வளவுதான். பின்சக்கரத்தைக் கழற்றி ஓவராயில் பண்ணும்போது கப்பிலிருந்து பால்ரஸ்களைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டு என் முன்னால் வைப்பார். நான் கழுவ வேண்டும். கழுவியதைத் துணியில் உருட்டித் துடைத்து எண்ணிக் கொடுக்க வேண்டும். பின்சக்கரத்துக்குக் கால் அங்குல பால்ரஸ், பக்கத்துக்கு 9. முன்சக்கரத்துக்கு அதைவிடச் சின்னது, பக்கத்துக்கு 10. கையில் உருளும்போது சொரசொரப்பாக ஒன்று பட்டால் அதை அவரிடம் நீட்டுவேன். வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்து வெளியே எறிவார். புதிதாக ஒன்றை எடுத்துக் கிரீஸில் பதிப்பார். அப்படி அவர் ஒன்றை எறிந்த அன்று நான் நடந்து வீட்டுக்கு வரவில்லை, ஓடித்தான் வந்தேன்.

ஆனால் ஊர் பூராவும் பாயைத் தேடி வந்தது கோட்டம் எடுக்கத்தான். பஞ்சர் யாரும் ஒட்டுவார்கள். பள்ளத்தில் விழுந்து ஆடுகிற சக்கரத்தை நேராக்க எல்லாருக்கும் கை வராது. எங்கள் மாதிரிப் பெரிய வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால் அதிகம் என்பதால் கம்பியும் அதிகம். ஒவ்வொரு கம்பியும் ரிம்மில் வந்து சேருகிற இடத்தில் ஒரு பித்தளை நிப்பிள். அதைத் திருகினால் கம்பி இறுகும், தளர்த்தினால் விடும். கம்பிகளில் பாதி ரிம்மை இடப்பக்கம் இழுக்கிறது, பாதி வலப்பக்கம் இழுக்கிறது. ரிம் வலப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் இடக்கம்பியை இறுக்கி வலக்கம்பியைக் கொஞ்சம் விட வேண்டும். கேட்க இவ்வளவுதான். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் மாறும் என்பதுதான் சிக்கல்.

பாய் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, போர்க்கில் சாக்பீஸை அழுத்திப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். ரிம் எங்கே வெளியே தள்ளுகிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோட்டின் நடுவில் இருக்கிற நிப்பிளில் சாவியைப் போட்டுக் கால் சுற்று. அதற்கு மேல் ஒருபோதும் திருப்ப மாட்டார். மறுபடி சுற்றிவிடுவார். இதுவரை கண் செய்கிற வேலை. ரிம் நேராக ஓடத் தொடங்கிய பிறகுதான் அவருடைய சொந்த வேலை தொடங்கும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு விரல் நகத்தால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே வருவார். டிங், டிங், டிங், டொக். கை அங்கே நிற்கும்.

"தம்பி, இதத் தட்டு. இப்ப பக்கத்துல இருக்கறதத் தட்டு. எது லூசு?"

நான் சரியாகச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். சக்கரம் நேராக ஓடினால் போதாதா, ஏன் இன்னும் தட்டுகிறார் என்று அப்போது புரியவில்லை. ஒரு கம்பி தளர்ந்து பக்கத்துக் கம்பி அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டும் சக்கரம் நேராக ஓட முடியும், ஆனால் அந்த நேர் நாலு நாள்தான் நிற்கும். கம்பிகளில் கலர் மணி கோக்க ஆசைப்பட்டு நான் கேட்டபோது அவர் மறுத்ததும் இதனால்தான். "மணி கோத்தா கம்பி பேசறது கேக்காது தம்பி" என்றார்.

மேட்டுப்பட்டியிலிருந்து ஒரு அண்ணன் வருவார். காலேஜில் படித்துக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவோடு கிடார் வாசிப்பார். கல்கத்தாவில் செய்த கிடார், ரெக்சின் உறைக்குள் முதுகில் தொங்கும். அவருக்கும் வாத்தியார் கிடையாது. 'பயணங்கள் முடிவதில்லை' படம் 1982இல் வந்ததிலிருந்து 'இளைய நிலா' பாட்டின் கிடாரைப் பிடித்துவிட வேண்டும் என்று கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஓடவிட்டு. அந்தப் பகுதியில் மட்டும் நாடா தேய்ந்து சத்தம் அமுங்கிப் போயிருந்தது.

ஒரு நாள் பாய் எங்கள் வண்டிக்குக் கோட்டம் எடுத்து முடித்துச் சுண்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். பாய் ஒரு முழுச் சுற்று முடித்துச் சாவியை வைக்கப் போனார்.

"பாய், அந்தா வால்வுக்குப் பக்கத்துல இருக்கற கம்பி. ஒரு பொடி இறங்கியிருக்கு."

பாய் அந்தக் கம்பியைச் சுண்டினார். அடுத்ததைச் சுண்டினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இரண்டையும். பிறகு ஒன்றும் பேசாமல் சாவியைப் போட்டுக் கால் சுற்றிலும் பாதி திருப்பினார். அண்ணன் உறையைக் கழற்றிக் கிடாரை எடுத்துத் தடித்த கம்பியின் ஐந்தாவது கட்டையில் விரலை வைத்து மீட்டினார். "இதுவும் அடுத்த கம்பியும் ஒரே சத்தமா வரணும் பாய். இப்படித்தான் நாங்க சேக்கறது" என்றார். பாய் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கிடாரை வாங்கி, நகத்தால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்தார், சக்கரத்தைச் சுண்டுகிற மாதிரியே. அன்றிலிருந்து அண்ணனிடம் பஞ்சருக்குக் காசு வாங்கியதை நான் பார்க்கவில்லை.

அந்த இரண்டு பேரும் செய்தது எவ்வளவு சரியான கணக்கு என்பது எனக்கு இயற்பியல் படித்தபோதுதான் தெரிந்தது. இழுத்துக் கட்டிய கம்பியின் சுருதி, இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். ஒரு ஸ்தாயி ஏற வேண்டுமென்றால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். அரைச் சுருதி வித்தியாசம் என்பது இழுவிசையில் ஏறக்குறைய 12 சதவீதம். காது பழகியவனுக்கு அரைச் சுருதி பெரிய தூரம். அதில் சின்னப் பகுதியைக்கூட அவனால் பிடிக்க முடியும். பாயின் நகம் ஒரு அளவுமானி. அதை அவர் விலை கொடுத்து வாங்கவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டும் எழுதிய புத்தகம் கைக்கு வந்தது. பாரம் ஏறும்போது சக்கரம் மேல் கம்பிகளில் தொங்குவதில்லை, கீழ்க் கம்பிகளின் இறுக்கம்தான் குறைகிறது என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். உங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியில் ஒருவரை ஏற்றி உட்காரவைத்துத் தரையோடு இருக்கும் கம்பியைச் சுண்டுங்கள், சுருதி இறங்கியிருக்கும். மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அமெரிக்காவில் ஷெல்டன் பிரவுன் என்ற மெக்கானிக், 2008இல் இறக்கும்வரை, பழைய வண்டிகளின் ஒவ்வொரு திருகாணியைப் பற்றியும் இணையத்தில் எழுதி எல்லாருக்கும் இலவசமாக வைத்துவிட்டுப் போனார். ஆஸ்திரேலியாக்காரர் ஜஸ்டின் சாண்டர்கோ கிடார் பாடங்களை அதேபோல இலவச வீடியோவாகப் போட்டார். என் மகள் கிடார் பழகுவது அவற்றில்தான். கேசட்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்த அண்ணனுக்கு, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கிற இந்த வசதி கிடைத்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இவர்களை எல்லாம் நான் மதிக்கிறேன். தெரிந்ததை ஒளிக்காமல் ஊருக்கே வைத்தவர்கள். பாயும் ஒளித்தவரில்லை, அவருடைய கையையும் காதையும் எடுத்து வைக்கத்தான் ஆள் இல்லை. அவர் காலமாகி வெகு நாளாகிறது. கடை இருந்த இடத்தில் மொபைல் ரீசார்ஜ் கடை இருக்கிறது. இன்றைக்கு என் வண்டிக்கு வேண்டிய மணி, பூட்டு, விளக்கு எல்லாம் போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. மணியின் கார்வையைக் கேட்டு வாங்க மட்டும் வழியில்லை.

உங்கள் ஊரில் சக்கரத்தைச் சுண்டிப் பார்த்துக் கோட்டம் எடுக்கிற ஒருவராவது இன்னும் இருப்பார். வண்டியை அவரிடம் கொண்டுபோங்கள். அவர் சம்மதித்தால் போனை எடுத்து அந்த வேலையை முழுக்கப் பிடித்து வையுங்கள், தமிழில் அவர் பேசுவதோடு சேர்த்து. பின்னணியில் பாட்டு மட்டும் போடாதீர்கள், கம்பியின் சத்தம் கேட்க வேண்டும்.